ராசாளியின் முதுகில் நிழல் இல்லை

இரண்டு கிலோ பூண்டு உரித்தாக வேண்டும். தேர்தல் வருகிறது, ஓட்டுக் கேட்டு மதியத்துக்கு ஐயா இந்த வீட்டுக்கு வருகிறார், கூடவே நாற்பது பேர். முன்னறையில் ஆண்கள் உட்கார்ந்து யார் எப்படி வாக்குக் கொடுப்பது என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். இங்கே நகக்கண் எரிகிறது. கையைச் சேலையில் துடைத்துத் துடைத்துத்தான் இந்தக் கதை நோட்டில் ஏறுகிறது, தாளில் பூண்டு வாசனை அடித்தால் பொறுத்துக்கொள்ளவும். ஜன்னலுக்கு வெளியே கரண்ட் கம்பியில் ஒரு கரிச்சான் உட்கார்ந்திருக்கிறது. கன்னங்கரேல் என்று ஒரு சாண் உடம்பு, வால் மட்டும் கத்தரிக்கோலை விரித்த மாதிரி இரண்டாகப் பிரிந்திருக்கும். சில ஊரில் இரட்டைவால் குருவி என்பார்கள். சற்று முன்னால் அது ஒரு பருந்தின் முதுகில் ஏறிக்கொண்டு, கொத்தோ கொத்தென்று கொத்தி, ஏரிக்கரை தாண்டி விரட்டிவிட்டு வந்தது. இத்தனூண்டு உடம்புக்குள் அத்தனை கோபம் எங்கிருந்து வந்தது என்றால், அதற்குத்தான் இந்தக் கதை.

அந்தக் காலத்தில் பறவைகள் பேசும். மனுஷரில் பெரிய ராஜாவுக்குக் கீழே சின்ன ராஜா, சின்ன ராஜாவுக்குக் கீழே படைக்காரன் என்று அடுக்கடுக்காக இருந்த காலம் அது. பறவைகளிலும் அப்படித்தான். செம்பாறைக் குன்றின் உச்சியில் ராசாளி இருந்தார். குன்றைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய மரமெல்லாம் அவருடையது. எந்தப் பறவையும் தானாக ஒரு மரத்தில் போய்க் கூடு கட்டிவிட முடியாது. ராசாளி பார்த்து, இந்தா உனக்கு இந்த வேம்பு, உனக்கு இந்த வாகை என்று கொடுப்பார். வாங்கிக்கொண்டவர்களுக்கு மரத்துக்காரர் என்று பெயர். வாங்கியவன் சும்மா இருக்க முடியுமா. ராசாளிக்குச் சண்டை என்றால் போக வேண்டும். அவர் பகை இவன் பகை.

வருஷத்துக்கு ஒருமுறை எல்லா மரத்துக்காரரும் பாறைக்குப் போய், தன் உடம்பிலிருந்து ஒரு இறகைப் பிடுங்கி ராசாளியின் கால் நகத்துக்கு முன்னால் வைத்து, ஒரு வாக்குச் சொல்ல வேண்டும்.

“உங்கள் நிழல் என்மேல் விழும்போது என் அலகு திறக்காது.”

கத்துவதும் கொத்துவதும் அலகால்தானே. அலகை மூடிக்கொண்டால் பறவை அடங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பதிலாக ராசாளியும் தன் வாயால் ஒரு வாக்குச் சொல்வார்.

“என் நிழல் விழும் இடத்தில் உங்கள் கூடு கலையாது.”

இவ்வளவுதான். இது பாதி, அது பாதி. இரண்டையும் சேர்த்தால்தான் ஒரு வாக்கு.

குன்றுக்குத் தெற்கே ஒரு புங்க மரத்தை வலியன் என்கிற கரிச்சான் வைத்திருந்தான். பெயருக்கு ஏற்ற பலசாலி. ராசாளிக்காக ஆந்தைகளோடு சண்டை போட்டு ஒரு கால்விரல் நகத்தைப் பறிகொடுத்தவன். அதைச் சொல்லிச் சொல்லியே அவனுக்கு மார்பு நிமிரும். அவன் பெண்டாட்டி பெயர் மையா. மை மாதிரி கறுப்பு, அதனால் அந்தப் பெயர். நாலு பேர் இருந்தால் பேச மாட்டாள். யாராவது வந்தால் இலைக்குப் பின்னால் போய்விடுவாள். அந்த வருஷம்தான் அவளுக்கு முதல் ஈடு. சிலந்தி நூலால் கட்டிய கூட்டில் மூன்று குஞ்சு. மூத்தவன் அப்போதுதான் கண்ணைத் திறந்திருந்தான். அம்மா எது, ஆகாயம் எது என்று தெரியாமல் இரண்டையும் பார்த்து வாயைப் பிளப்பான்.

அந்த மாதிரி ஒரு காலையில் செம்போத்து வந்து சேர்ந்தான். ராசாளியின் கட்டியக்காரன் அவன். பெரியவர் வருகிறார் என்று முன்னால் போய்க் கூவுகிற வேலை. செம்புநிறச் சால்வை போர்த்திய மாதிரி இறக்கை, சிவந்த கண். பறக்க அவ்வளவாக வராது, கிளைக்குக் கிளை தத்தித் தத்தித்தான் ஏறுவான். அதையும் ஏதோ ஊர்வலம் போகிற மாதிரி ஏறுவான்.

“வலியா, உனக்கு யோகம்தான்,” என்றான் செம்போத்து. “இந்த வருஷம் நீங்க யாரும் பாறைக்கு வர வேண்டாம். பெரியவரே உங்க மரத்துக்கு வர்றாரு.”

வலியனுக்குத் தலைகால் புரியவில்லை. “எங்க மரத்துக்கா. பெரியவரா.”

“எல்லா மரத்துக்கும்தான். ஏன்னா குஞ்சுங்க பறக்காது பாரு.”

“குஞ்சுங்க எதுக்குங்க?” என்று கேட்டாள் மையா, இலைக்குப் பின்னாலிருந்து.

செம்போத்து குரல் வந்த பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வலியனிடமே சொன்னான். “போன வருஷம் வடக்கே நாரை என்ன பண்ணினான் தெரியும்ல. இறகு வச்சுச் சத்தியம் பண்ணிட்டு, அடுத்த மாசமே பக்கத்துக் காட்டு வல்லூறோட போய்ச் சேர்ந்துட்டான். ஏன், இறகு மறுபடி முளைச்சிரும்னு திமிரு. திரும்ப முளைக்கிற பொருளை வச்சு வாங்குறது எல்லாம் ஒரு வாக்கா. அதனால இனிமே இறகு கிடையாது. தலைப்பிள்ளை தலையில இறக்கையை வச்சுச் சொல்லணும். வாக்குத் தவறினா அந்தத் தலை பெரியவருக்கு.”

“பிள்ளை என்ன தப்பு பண்ணுச்சு?” என்றாள் மையா.

“பிள்ளை ஒண்ணும் பண்ண வேண்டாம்மா. சும்மா தலையைக் காட்டினாப் போதும்.” சொல்லிவிட்டுச் செம்போத்து சிரித்தான். “அப்புறம், பெரியவர் சும்மா வர மாட்டாரு. கூட ஆள் வரும். பாத்து ஏற்பாடு பண்ணு.”

அவன் போன பிறகு மையா கேட்டாள். “ஏங்க, நம்ம பிள்ளை தலையையா வைக்கப் போறீங்க?”

“நான் என்ன வாக்குத் தவறப் போறேனா? தவறாதவனுக்கு எதை வச்சா என்ன?”

“தவறாதவர்கிட்ட எதுக்கு அதைக் கேக்குறாங்க?”

“உனக்கு இதெல்லாம் புரியாது. பெரியவர் வாசலுக்கு வர்றாரு. எங்கப்பன் காலத்துல நடந்திருக்குமா. போய் வெட்டுக்கிளி பிடி.”

மையா போய் வெட்டுக்கிளி பிடித்தாள். இரண்டு நாளைக்குப் பிடித்தாள். சோளக்கொல்லை முழுக்க அலைந்து, பிடித்ததை எல்லாம் முள்ளில் குத்தி வரிசையாக வைத்தாள். தன் பிள்ளைகளுக்குத் தும்பி பிடித்துக் கொடுக்கக்கூட நேரமில்லை. அவை கத்திக் கத்தி ஓய்ந்தன.

மூன்றாம் நாள் உச்சி வெயிலில் ராசாளி வந்தார். முதலில் நிழல்தான் வந்தது. புங்க மரம் முழுதும் ஒரு நொடி இருண்டது. பக்கத்து வேம்பின் மாங்குயிலும், வாகையின் ஆண் புறாவும் தங்கள் வீட்டில் நடந்த சத்தியம் முடிந்து கூட்டத்தோடு வந்திருந்தார்கள். எல்லாரும் அலகை மூடிக்கொண்டார்கள்.

“பொம்பளைங்க எல்லாம் அந்தக் கிளைக்குத் தள்ளிப் போங்க,” என்றான் செம்போத்து. “இது ஆம்பளைங்க காரியம்.”

மையா தள்ளிப் போனாள். மாங்குயிலின் பெண்டாட்டி மஞ்சி ஏற்கெனவே அங்கே இருந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் உட்கார்ந்தார்கள்.

வலியன் தன் இறக்கையை மூத்தவனின் தலைமேல் வைத்தான். பிஞ்சுத் தலை, தோல் வழியாக நரம்பு துடிப்பது தெரியும். நடுங்காத குரலில் சொன்னான். “உங்கள் நிழல் என்மேல் விழும்போது என் அலகு திறக்காது. திறந்தால் இந்தத் தலை உங்களுக்கு.”

செம்போத்து நத்தை ஓட்டைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பைத் தன் அலகு நுனியில் தொட்டு, குஞ்சின் வாய் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தான். எந்தத் தலை என்று அடையாளம் தெரிய வேண்டுமே. சுண்ணாம்பு எரியும். குஞ்சு துள்ளிவிட்டது. மையா எழுந்தாள். மஞ்சி அவள் இறக்கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

இனி ராசாளி தன் பாதியைச் சொல்ல வேண்டும். எல்லாரும் காத்திருந்தார்கள். ராசாளி ஒரு வெட்டுக்கிளியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“பெரியவருக்குத் தொண்டை கட்டியிருக்கு,” என்றான் செம்போத்து. “அவர் பாதியை நானே சொல்லிடுறேன். பெரியவர் நிழல் விழும் இடத்தில் உங்கள் கூடு கலையாது. சரியா? சாப்பாடு எங்கே?”

அந்தத் தொண்டை வெட்டுக்கிளியை மட்டும் நன்றாக விழுங்கியது. மையா அதைப் பார்த்தாள். பாறை உச்சியில் ராசாளிக்கும் ஒரு குஞ்சு இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். அதன் தலைமேல் யாரும் எதையும் வைக்கவில்லை. அதன் வாய் ஓரத்தில் எந்தப் பொட்டும் இல்லை. பிள்ளை தலை என்றால் எல்லாப் பிள்ளையும் தலை உள்ளதுதானே. அவளுக்குள் ஏதோ ஒன்று சூடாக உட்கார்ந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. பழக்கமில்லை.

வந்தவர்கள் தின்றார்கள், போனார்கள். இரண்டு நாள் பிடித்தது ஒரு நாழிகையில் தீர்ந்தது. குஞ்சுகளுக்கு ஒரு வெட்டுக்கிளிக் கால்கூட மிஞ்சவில்லை.

எட்டு நாள் கழித்து, நல்ல வெயில் நேரத்தில், மாங்குயிலின் வேம்பின்மேல் நிழல் விழுந்தது. ராசாளி மேலே வட்டமிட்டுக்கொண்டிருந்தார். மாங்குயில் அலகை மூடிக்கொண்டான். அப்போது செம்போத்து மெதுவாக, கிளைக்குக் கிளை தத்தி, ஊர்வலம் போகிற மாதிரி மேலே ஏறினான். கூட்டுக்குள் தலையை விட்டான். பொட்டு வைத்த மூத்த குஞ்சை விட்டுவிட்டு, மற்ற இரண்டையும் எடுத்துக்கொண்டான். ஒன்றை அங்கேயே விழுங்கினான். ஒன்றைப் பாறைக்கு எடுத்துப் போனான். மாங்குயில் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அலகைத் திறந்தால் மூன்றாவதும் போய்விடும்.

இதுதான் அந்தச் சத்தியத்தின் சூட்சுமம். பிள்ளையைக் காப்பாற்றப் பிள்ளையை விட்டுக்கொடு.

மஞ்சி அழுதுகொண்டே புங்க மரத்துக்கு வந்தாள். “அக்கா, அவரு தொண்டையில சத்தமே வரல அக்கா. பாத்துக்கிட்டே இருந்தாரு.”

“நீ கத்த வேண்டியதுதானே.”

“அவரு கண்ணைக் காட்டினாரு, சும்மா இருன்னு. இருக்கிற ஒண்ணும் போயிரும்ல அக்கா.”

வலியன் அன்றே பாறைக்குப் போனான். சண்டை போட அல்ல, கேட்க. நியாயம் கேட்டால் பெரியவர் சொல்வார் என்று அவன் நம்பினான். செம்போத்துதான் பதில் சொன்னான். “கூடு கலையாதுன்னுதானே வாக்கு. போய்ப் பாரு, கூடு அப்படியே இருக்கு. ஒரு நார்கூட அவிழல. பெரியவர் சொன்ன சொல் மாறுவாரா.”

வலியன் அதைக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்தான். மையாவிடம் அதை அப்படியே சொன்னான். சொல்லும்போது தரையைப் பார்த்துச் சொன்னான்.

“இதைச் சொன்னதும் நீங்க என்ன சொன்னீங்க?” என்றாள் மையா.

“என்ன சொல்றது? சட்டப்படி கூடு கலையலதானே.”

“கூடு எதுக்குங்க கட்டுறோம்? வெறுங்கூடு தொங்குறதைப் பார்க்கவா?”

“மெதுவாப் பேசு.”

“ஏன், நிழல் விழுதா? வெயில்தானே அடிக்குது.”

வலியன் நகம் போன விரலைப் பார்த்தான். அந்த நகத்தை யாருக்காகக் கொடுத்தோம் என்று அவனுக்கு அப்போதுதான் முதல்முறையாகத் தோன்றியிருக்க வேண்டும். ஆனாலும் சொன்னான். “நான் வாக்குக் கொடுத்தவன். அவங்க கெட்டவங்கன்னா நானும் கெட்டவனாகணுமா?”

மையாவுக்கு அவன்மேல் கோபம் வந்தது. அதைவிட, அவனுடைய நல்ல குணத்தை வைத்தே அவனைக் கட்டிப்போட்டவன்மேல் கோபம் வந்தது. கெட்டவனிடம் சத்தியம் வாங்கி என்ன பயன், அவன் நாரை மாதிரி போய்விடுவான். நல்லவனிடம் வாங்கினால்தான் அது சங்கிலி. இது ராசாளிக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. இனிமேல் இந்தக் கதையில் அவனை அவர் என்று எழுதக் கை வரவில்லை. அவன் என்றே வைத்துக்கொள்வோம்.

அடுத்து புறாவின் வாகை. இரண்டு குஞ்சில் பொட்டு இல்லாத ஒன்று போனது. பெண் புறாவுக்கு அழக்கூட வரவில்லை, கூட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். அதன் பிறகு மையா சோளக்கொல்லைக்குப் போவதையே விட்டுவிட்டாள். மரத்தில் உட்கார்ந்தபடி எட்டுகிற பூச்சியை மட்டும் பிடித்தாள். குஞ்சுகளுக்குப் பாதி வயிறு. ஆனால் கண் எடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் நிழல் வந்தது.

காலையிலிருந்தே புழுக்கம், இலை அசையவில்லை. மரம் இருண்டதும் வலியன் சட்டென்று அலகை மூடினான். கீழே தூரில் காய்ந்த சருகு சலசலத்தது. செம்போத்து ஏறி வந்தான். ஒரு கிளை. நின்று ஒரு மூச்சு. இன்னொரு கிளை. அவசரமே இல்லை. யார் தடுக்கப் போகிறார்கள்.

கூடு இருந்த கிளைக்கு வந்து, கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தான். மூன்று குஞ்சும் அம்மா வந்துவிட்டாள் என்று நினைத்து வாயைப் பிளந்தன.

மையா கத்தினாள்.

அதுவரை அந்தக் காட்டில் அந்தச் சத்தத்தை யாரும் கேட்டதில்லை. நாலு பேர் முன்னால் பேசாதவளின் தொண்டை அது. கீச்சென்று ஆரம்பித்து, தகரத்தைக் கிழிக்கிற மாதிரி போய், குன்றில் மோதித் திரும்பி வந்தது. வேம்பிலும் வாகையிலும் எல்லாரும் திரும்பினார்கள். செம்போத்து நிமிர்வதற்குள் அவள் அவன் கண்ணுக்கு மேலே கொத்தினாள். மறுபடி கொத்தினாள். அவன் சால்வை இறக்கையை விரித்து முகத்தை மறைத்தான். அவள் கழுத்தில் கொத்தினாள். ஊர்வலமாக ஏறியவன் உருண்டுதான் இறங்கினான். இறங்கியவன் இலந்தைப் புதருக்குள் நுழைந்து, முள் குத்துவதைக்கூடப் பார்க்காமல் அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். இன்றைக்கும் செம்போத்து புதர் புதராக ஒளிந்துதான் நடக்கிறது, பார்த்திருப்பீர்கள்.

ராசாளி இறங்கி வந்து, கூட்டுக்கு நேர் மேலே உச்சிக் கிளையில் உட்கார்ந்தான். அவன் கனத்தில் கிளை வளைந்தது. நிழல் கூட்டின்மேல் அப்படியே விழுந்து கிடந்தது.

“என் நிழலில் யார் கத்தினது?”

தொண்டை கட்டெல்லாம் சரியாகிவிட்டிருந்தது.

“நான்தான்,” என்றாள் மையா.

“உன் புருஷன் எனக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கான், தெரியுமா?”

“தெரியும். அவரு குடுத்தாரு. இதோ அலகை மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்காரு, பாருங்க. நான் குடுக்கல.”

“வீட்டுக்கு ஒரு வாக்குதான். பொண்டாட்டிக்குத் தனியா எதுக்கு?”

“அதைத்தான் நானும் நெனச்சேன். என்னைக் கேக்கவே இல்லையேன்னு. தள்ளிப் போய் உட்காருன்னாரு உங்க ஆளு, தள்ளிப் போய் உட்கார்ந்தேன். பிள்ளையைப் பெத்தவ நான், அடைகாத்தவ நான், தலை மட்டும் உங்களுக்கா? என் அலகை நான் யார்கிட்டயும் குடுக்கல. வீட்டுக்கு ஒரு அலகுன்னு கணக்குப் போட்டீங்க. நல்லாப் பாருங்க, ரெண்டு இருக்கு.”

ராசாளி கழுத்தை நீட்டி அவளைப் பார்த்தான். அவன் காலம் முழுதும், அவன் அப்பன் காலம் முழுதும், இது யாருக்கும் தோன்றியதில்லை. எத்தனை மரம், எத்தனை மரத்துக்காரன் என்று அவனுக்குத் தெரியும். அந்த மரங்களில் ஒரு பெண்ணிடம்கூட வாக்கு வாங்கவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. அதற்குப் பதில் சொல்ல அவனிடம் நகம்தான் இருந்தது.

“வாக்குத் தவறின வீடு இது,” என்றான். “பொட்டு வச்ச தலை எனக்கு.”

காலை நீட்டினான். ஒரு நகம் அந்தக் குஞ்சை விட நீளம்.

மையா கீழே நின்றிருந்தால் தோற்றிருப்பாள். அவன் இறக்கையின் ஒரு வீச்சுக்கு அவள் தாங்க மாட்டாள். பயத்தில் அவள் மேலே பறந்தாள், நேராக மேலே, அவன் தலைக்கும் மேலே. சட்டென்று அவள் முதுகில் வெயில் பட்டது. கீழே பார்த்தாள். மரம் இருண்டிருந்தது, கூடு இருண்டிருந்தது, வலியன் இருட்டில் வாய்மூடி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். ஆனால் ராசாளியின் முதுகு பளபளவென்று வெயிலில் கிடந்தது. நிழல் கீழேதான் விழும். அவன் நிழல் விழாத இடம் ஒன்றே ஒன்று இருந்தது, அது அவன் முதுகு.

அங்கேயே போய் உட்கார்ந்து, பிடரியில் கொத்தினாள்.

ராசாளி அலறிக்கொண்டு காலை இழுத்தான். கழுத்தைத் திருப்பினான், எட்டவில்லை. நகத்தைத் தூக்கினான், எட்டவில்லை. யாருடைய முதுகையும் கிழிக்கக்கூடிய நகம், சொந்த முதுகுக்கு எட்டாது.

“என்னங்க,” என்று மேலேயிருந்து கத்தினாள் மையா. “மேலே வாங்க. இங்கே நிழல் இல்லை.”

வலியன் அண்ணாந்து பார்த்தான். அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பாவம், வாக்கு வாக்கு என்று இருந்தவன். புரிந்ததும் அலகைத் திறக்காமலே பறந்தான். நிழலின் ஓரம் வரை வாயை மூடிக்கொண்டே போனான். வெயிலில் தலை நீட்டியதும்தான் அலகைத் திறந்தான். அத்தனை நாள் அடக்கியது எல்லாம் ஒரே சத்தமாக வந்தது. கொடுத்த வாக்கில் ஒரு சொல்கூடத் தவறாமல், நகம் போன காலோடு, போய் அவனும் முதுகில் ஏறினான்.

இரண்டு பேருமாகக் கொத்தினார்கள். ராசாளி மரத்தை விட்டு எழும்பினான். வட்டமடித்தான், குப்புற விழுந்து எழுந்தான், முதுகில் இருந்தவர்கள் விடவில்லை. ஒருமுறை அவன் ஆகாயத்திலேயே மல்லாந்து புரண்டு காலை வீசினான். மையாவின் வால் நகத்தில் சிக்கியது. நடுவில் இருந்த இறகுகள் வேரோடு போயின. ஓரத்தில் இரண்டு பக்கமும் கொஞ்சம் மிஞ்சியது, அவ்வளவுதான். வலி உயிர் போகிற வலி. அவள் சுழன்று விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே மறுபடி எழும்பி, மறுபடி ஏறினாள். இறகு முளைக்கும். அல்லது முளைக்காமல் போகட்டும்.

செம்பாறையைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, அவன் திரும்பிப் பார்க்காத தூரம் வரை விரட்டிவிட்டுத்தான் திரும்பினார்கள்.

கூட்டில் மூன்று குஞ்சும் இருந்தன. மூத்தவன் வாய் ஓரத்துச் சுண்ணாம்புப் பொட்டோடு பசியில் கத்தினான். மையா முதல் வேலையாக ஒரு தும்பியைப் பிடித்து அவன் வாயில் திணித்தாள். அந்தப் பொட்டை அழிக்க எவ்வளவோ தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. கரிச்சானைக் கிட்டத்தில் பார்த்தால் இன்றைக்கும் வாய் ஓரத்தில் வெள்ளையாகத் தெரியும்.

வலியன் அவளுடைய வாலைப் பார்த்தான். பிறகு திரும்பி, தன் வாலின் நடு இறகுகளைத் தானே அலகால் பிடுங்கிப் போட்டான்.

“என்ன பண்றீங்க?” என்றாள்.

“உனக்கு இல்லாதது எனக்கு எதுக்கு.”

“கிறுக்கா உங்களுக்கு?”

“இத்தனை வருஷமா அவனுக்குப் பிடுங்கி வச்சேன். ஒரு தடவை உனக்குப் பிடுங்குறேன்.”

சாயங்காலத்துக்குள் சேதி காடெல்லாம் பரவிவிட்டது. மாங்குயில் வந்தான், மஞ்சியும் கூட வந்தாள். புறா வந்தாள். மாங்குயில் கிளையில் தலை படக் கும்பிட்டான்.

“அக்கா, இனிமே நீங்கதான் எங்களுக்குப் பெரியவங்க. இந்தக் காட்டையே நீங்க எடுத்துக்கங்க. என் மிச்சமிருக்கிற பிள்ளை தலைமேல இறக்கையை வச்சுச் சொல்றேன், உங்க நிழல்”

அவன் முடிக்கவில்லை. மையா அவன் இறக்கையை ஒரே தட்டாகத் தட்டிவிட்டாள். ராசாளிமேல்கூட அவளுக்கு அத்தனை கோபம் வந்திருக்காது.

“எடு இறக்கையை,” என்றாள். “ரெண்டு பிள்ளையை விழுங்கக் குடுத்துட்டு, மூணாவது தலையையும் தூக்கிக்கிட்டு இன்னொரு வாசலுக்கு வர்றியா? வெக்கமா இல்லை? நான் பெரியவளானா நாளைக்கு எனக்கும் தொண்டை கட்டும். என் பேர்ல பேச ஒரு செம்போத்து வருவான். எனக்கு ஒரு வாக்கும் வேண்டாம்.”

“அப்போ எங்களை யாரு அக்கா பாத்துக்குவா?” என்று கேட்டாள் மஞ்சி. அவள் குரல் பாதிதான் கேட்டது.

மையாவின் கோபம் கொஞ்சம் இறங்கியது. பக்கத்துக் கிளையைக் காட்டினாள். “அது காலியாத்தான் கெடக்கு. வந்து கட்டு. புறா, நீ அதுக்குக் கீழே கட்டு. எவன் வந்தாலும் நான் கத்துவேன். முதல்ல நான்தான் கத்துவேன். அதுக்கு நீங்க எனக்கு ஒண்ணும் தர வேண்டாம், ஒண்ணும் சொல்லவும் வேண்டாம். உன் பிள்ளை தலை உன் பிள்ளைக்கு இருக்கட்டும்.”

புறா அங்கேயே ஒரு குச்சியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அன்று முதல்தான் கரிச்சானின் வால் நடுவில் பிளந்து கிடக்கிறது. அன்று முதல்தான் அது ராசாளியோ பருந்தோ எது வந்தாலும் எதிரே போகாமல் மேலே போய், முதுகில் ஏறிக் கொத்துகிறது. மாங்குயிலும் புறாவும் கரிச்சான் இருக்கிற மரமாகப் பார்த்துக் கூடு கட்டுவதும் அன்று முதல்தான். யாரும் யாருக்கும் வாக்குக் கொடுத்து அல்ல.

கூப்பிடுகிறார்கள். ஐயா வந்துவிட்டாராம். பூண்டு போதும், கையைக் கழுவிக்கொண்டு, தொட்டிலில் கிடக்கிற என் பிள்ளையைத் தூக்கி வரச் சொல்கிறார்கள், தலையில் கை வைத்து ஏதோ சொல்ல வேண்டுமாம். கரிச்சான் இன்னும் கம்பியில்தான் இருக்கிறது, இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு. ஒரு வரி பாக்கி. அன்று முதல்தான், பெற்றவளைக் கேட்காமல் அவள் பிள்ளையின் தலைமேல் எவனும் கையை